வெள்ளிச் சிமிழ்கள் சொல்லும் வரலாறு

முன்னுரை

"மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்பது நம் முன்னோர் வாக்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு வெள்ளிச் சிமிழுக்கு இவ்வாக்கு மிகவும் பொருந்தும். நம் வீடுகளில் குங்குமத்திற்கு ஒரு சிமிழும், சுண்ணாம்புக்கு ஒரு கரண்டகமும், வெற்றிலைக்கு ஒரு பெட்டியும் இருப்பது போல, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியுள்ள இல்லங்களில் தேயிலைக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மூக்குப்பொடிக்கு ஒன்று, சாதிக்காய்க்கு ஒன்று என வெள்ளிப் பெட்டிகள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 1765 முதல் 1800 வரை செய்யப்பட்டவை தனி அழகு உடையவை. அந்த அழகுக்குப் 'புதுச்செவ்வியல் பாணி' என்று பெயர்.

பழைய வெள்ளிப் பெட்டியில் நாம் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று தோழியர் சிலர் கேட்கலாம். ஒரு பெட்டியைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால், அது எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய பட்டறையில் செய்யப்பட்டது, அதன் வெள்ளி தூயதுதானா என்பவற்றை எல்லாம் தெரிந்துகொள்ளலாம். அதன் மூடியைத் திறந்து உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டால், அந்நாட்டு மக்களின் நன்மையும் தீமையும் தெரியவரும். இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

மண்ணுக்குள்ளிருந்து எழுந்த பாணி

கி.பி. 79ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பேயி, ஹெர்குலேனியம் என்னும் இரு ரோமானிய நகரங்களை மூடியது. ஏறத்தாழ 1,660 ஆண்டுகள் அவை மண்ணுக்குள் உறங்கின. 1738இல் ஹெர்குலேனியத்திலும், 1748இல் பொம்பேயியிலும் அகழ்வு வேலை தொடங்கியது. சுவர் ஓவியங்களும், விளக்குகளும், பாத்திரங்களும் வெளிவந்தன. ரோமானியர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை ஐரோப்பா முதன்முறையாகக் கண்ணாரக் கண்டது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் 'ரொக்கோக்கோ' என்னும் பாணி செல்வாக்குடன் இருந்தது. கிளிஞ்சல்கள், சுருள்கள், அலைகள், வளைந்து நெளியும் கொடிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் இருப்பதே அதற்கு அழகு. அதைப் பார்த்துச் சலித்திருந்தவர்களுக்குக் கிரேக்க, ரோமானியக் கலையின் நேர்த்தியும் அளவும் புதுமையாகத் தோன்றின. பழமையே புதுமை ஆயிற்று! கிரேக்க, ரோமானியக் கலையைச் 'செவ்வியல்' என்பர். அதனைப் புதிதாக மீட்டெடுத்ததால் இது 'புதுச்செவ்வியல்' ஆயிற்று.

இப்பாணியை இங்கிலாந்தில் பரப்பியவர்களுள் தலையாயவர் இராபர்ட் ஆடம் என்னும் ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர். 1728இல் பிறந்த இவர் 1754இல் புறப்பட்டு இத்தாலியில் தங்கிப் பழைய இடிபாடுகளை அளந்து வரைந்தார். 1757இல் அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ஸ்பிளிட் நகருக்குச் சென்று, டயோக்ளீஷியன் பேரரசரின் அரண்மனையை அளவெடுத்து, 1764இல் அதை நூலாக வெளியிட்டார். நாடு திரும்பியபின் மாளிகைகளை மட்டுமன்றி, அவற்றின் உட்கூரை, மேசை, நாற்காலி, வெள்ளிப் பாத்திரம் வரை எல்லாமே ஒரே பாணியில் அமையுமாறு வரைந்து கொடுத்தார். வீடு எப்படியோ அப்படியே வீட்டில் உள்ள சிமிழும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

நேப்பிள்ஸ் நகரில் 1764 முதல் பிரிட்டிஷ் தூதராக இருந்த சர் வில்லியம் ஹாமில்டன் பழைய கிரேக்கக் குவளைகளைச் சேகரித்தார். அத்தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1772இல் விலைக்கு வாங்கியது. அக்குவளைகளின் படங்கள் அச்சு நூல்களாக வெளிவந்தன. இத்தாலி செல்ல வசதியில்லாத பட்டறைத் தொழிலாளியும் அப்படங்களைப் பார்த்துப் பழைய வடிவங்களைக் கற்க முடிந்தது. ஒரு நூல் எத்தனை கைகளுக்கு வழிகாட்ட முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

பாணியை இனங்காண்பது எப்படி?

புதுச்செவ்வியல் பெட்டியை இனங்காண்பது கடினம் அன்று. வடிவம் எளிமையாக இருக்கும். நீள்வட்டம், எண்கோணம், வட்டம், படகு போல இரு முனைகளும் கூரிய வடிவம் ஆகியவை மிகுதி. பக்கச் சுவர்கள் நேராக நிற்கும். நடுவில் ஒரு கோடு கிழித்தால் இரு பாதிகளும் ஒன்றுபோல் இருக்கும். விளிம்பில் மணி கோத்தது போல் சிறு சிறு முத்து வரிசை ஓடும். பக்கங்களில் மலர்மாலைத் தோரணங்கள், நாடா முடிச்சுகள், வட்டப் பூக்கள், அகாந்தஸ் இலைகள், திரும்பித் திரும்பி ஓடும் கிரேக்கக் கட்டக் கோலம் ஆகியவை செதுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு நீள்வட்டப் பதக்கம் விட்டு, அதில் உரிமையாளரின் குடும்பச் சின்னத்தையோ பெயரின் முதல் எழுத்துகளையோ பொறிப்பர். மூடியின் மேல் குமிழ் பழங்காலத் தாழி வடிவில் இருக்கும்.

பெட்டியின் வகைகள்

முதலில் தேயிலைப் பெட்டி. தேயிலை அப்போது சீனாவின் காண்டன் துறைமுகத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்தது. வரியும் மிகுதி, விலையும் மிகுதி. எனவே தேயிலைப் பெட்டிக்குப் பூட்டும் சாவியும் உண்டு. சாவியை இல்லத் தலைவியே வைத்திருப்பார். சமையற்கட்டில் பணியாளர் தேநீர் தயாரிப்பதில்லை. விருந்தினர் முன்னிலையில் தலைவியே பெட்டியைத் திறந்து, தேயிலையை அளந்து எடுத்துத் தயாரிப்பார். தொடக்கத்தில் பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் தனித்தனிப் பெட்டிகள் இருந்தன. சில சமயம் சர்க்கரைக்கும் மூன்றாவதாக ஒரு பெட்டி சேர்ந்திருக்கும். இவற்றை ஆங்கிலத்தில் 'கேடி' என்பர். இச்சொல் 'காட்டி' என்னும் மலாய் எடைப் பெயரிலிருந்து வந்தது. அந்த எடை ஏறத்தாழ 600 கிராம். 1784இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தேயிலை வரியை நூற்றுக்கு 119 என்பதிலிருந்து 12½ ஆகக் குறைத்தது. கள்ளக் கடத்தல் குறைந்தது. தேநீர் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. பெட்டிகளுக்கும் தேவை பெருகியது.

அடுத்தது மூக்குப்பொடிச் சிமிழ். பொடி காய்ந்துவிடாமலும் சட்டைப்பையில் கொட்டிவிடாமலும் இருக்க, மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். கீல் வெளியே துருத்தாமல் பெட்டியின் உடலோடு ஒன்றி இருக்க வேண்டும். நல்ல தொழிலாளியின் திறமையைக் கீலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜார்ஜ் மூன்றாம் மன்னரின் அரசி சார்லட்டுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் மிகுதி என்பதால், அப்பெயராலேயே அவரைக் கேலி செய்தார்களாம்!

மூன்றாவது சாதிக்காய்ச் சிமிழ். முட்டை வடிவிலோ உருளை வடிவிலோ இருக்கும் இதனுள் ஓர் எஃகுத் துருவி இருக்கும். ஒரு சாதிக்காயையும் உள்ளே வைத்துக்கொண்டு, வேண்டும்போது பானத்தின் மேல் துருவிக்கொள்வர்.

நான்காவது நறுமணக் காடிச் சிமிழ். இது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. தீப்பெட்டியை விடச் சிறியது. உள்ளே நறுமணக் காடியில் தோய்த்த கடற்பஞ்சுத் துண்டும், அதன் மேல் துளையிட்ட அழகிய சல்லடைத் தகடும் இருக்கும். கடற்பஞ்சையும் காடியையும் நாம் ஆண்டவரின் பாடுகளின் வரலாற்றில் அறிவோம். இங்கிலாந்துப் பெண்மணிகள் சாக்கடை நாற்றம் வீசும் தெருக்களைக் கடக்கும்போதும், மயக்கம் வரும்போதும் இச்சிமிழைத் திறந்து முகர்ந்தனர். துர்நாற்றமே நோயைக் கொண்டுவருகிறது என்பது அக்கால நம்பிக்கை.

பெட்டி உருவான விதம்

முற்காலத்தில் வெள்ளி வட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே பாத்திரமாக எழுப்பினார்கள். அதற்கு நெடுநேரமும் தடித்த வெள்ளியும் தேவை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைப் பொறிகள் மெல்லிய, சீரான தகடுகளைத் தந்தன. அத்தகட்டை வெட்டி, நீள்வட்டமாக வளைத்து, ஓரங்களைச் சேர்த்துப் பொடி வைத்துப் பற்றவைத்தால் பெட்டியின் சுவர் ஆயத்தம். அடித்தகட்டையும் விளிம்பையும் அதனோடு பற்றவைப்பர். நேர்ச்சுவர் கொண்ட புதுச்செவ்வியல் வடிவங்கள் இம்முறைக்கு மிகவும் ஏற்றவை. ஆகவே இப்பாணி பரவியதற்குப் பொம்பேயி மட்டும் காரணம் அன்று. உருளைப் பொறியும் காரணமாகும். விளிம்பில் உள்ள முத்து வரிசையும் அழகுக்கு மட்டும் வைத்தது அன்று. மெல்லிய தகட்டின் ஓரத்துக்கு அது உறுதி தருகிறது.

செதுக்கு வேலையில் இக்காலத்துக்கே உரிய ஒரு முறை உண்டு. அதற்கென்று அமைந்த சிற்றுளியின் ஒரு விளிம்பு வெள்ளியைச் சீவி எடுக்கும். மறு விளிம்பு அந்த வெட்டுக்கு அதே கணத்தில் மெருகு ஏற்றும். ஒவ்வொரு வெட்டும் சாய்வாக இருப்பதால், பட்டை தீட்டிய வைரம் போல ஒளியைச் சிதறும். மெழுகுவர்த்தி ஒளியில் இப்பெட்டியைப் பார்த்தால் மலர்மாலைகள் அசைவது போலத் தோன்றுமாம். மின் விளக்கு இல்லாத காலத்தவர் மெழுகுவர்த்திக்கு ஏற்ற கலையைக் கண்டுபிடித்தனர்!

சில பெட்டிகளின் உட்புறம் பொன் முலாம் பூசப்பட்டிருக்கும். காடி போன்ற புளிப்புப் பொருள்கள் வெள்ளியோடு கலந்துள்ள செம்பை அரித்துவிடும். பொன்னை அவை ஒன்றும் செய்வதில்லை. எனவே முலாம் ஒரு காப்பு ஆகும். ஆனால் அம்முலாம் பூசப்பட்ட முறை கொடியது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, வெள்ளியின் மேல் தடவி, நெருப்பில் காட்டுவர். பாதரசம் ஆவியாகப் போக, பொன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகள் கைகால் நடுக்கத்தாலும் நோயாலும் துன்புற்றனர். 1840இல் மின்முலாம் பூசும் முறைக்கு எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற பிறகே பழைய முறை படிப்படியாகக் குறைந்தது.

முத்திரையின் கதை

சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. அன்றாடப் பாத்திரத்திற்கு அது உதவாது. எனவே சிறிது செம்பு சேர்ப்பர். எவ்வளவு சேர்க்கலாம் என்பதில்தான் நேர்மையும் ஏமாற்றும் வேறுபடுகின்றன. கண்ணால் பார்த்து அளவைச் சொல்ல முடியாது. ஆகவே 1300ஆம் ஆண்டில் எட்வர்ட் முதலாம் மன்னர், 'ஸ்டெர்லிங்' தரத்திற்குக் குறைந்த வெள்ளியை விற்கக் கூடாது என்று சட்டம் இயற்றினார். 1,000 பங்கில் 925 பங்கு வெள்ளி, 75 பங்கு மற்ற உலோகம் என்பதே அத்தரம்.

சோதனை முறை எளியது, ஆனால் நுட்பமானது. பெட்டியின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சிறிது வெள்ளியைச் சுரண்டி எடுத்து நிறுப்பர். அதை ஈயத்தில் பொதிந்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்துக் கடும் வெப்பத்தில் உருக்குவர். ஈயம் செம்பையும் சேர்த்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். தூய வெள்ளி மட்டும் ஒரு முத்துப் போல் எஞ்சும். அதை மீண்டும் நிறுத்தால் எவ்வளவு குறைந்தது என்பது தெரியும். தரம் குறைந்த பொருளை அங்கேயே நசுக்கி உடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளியைப் புடமிடுபவரைப் போல இறைவன் தம் மக்களைத் தூய்மைப்படுத்துவார் என்னும் கருத்து மலாக்கி இறைவாக்கினர் நூலில் வருவதை நாம் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். அந்த உவமையின் பொருள் இச்சோதனையை அறிந்தவர்க்கு இன்னும் தெளிவாக விளங்கும்.

தேறிய பொருளில் முத்திரைகள் இடப்படும். அவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, பட்டறை உரிமையாளரின் பெயர் எழுத்துகள்.

இரண்டாவது, நடக்கும் சிங்கம். இது 1544 முதல் வழங்குகிறது. தூய்மைக்கு அடையாளம்.

மூன்றாவது, ஊர்ச் சின்னம். இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை. அதன் மேல் இருந்த முடி 1821இல் நீக்கப்பட்டது.

நான்காவது, ஆண்டு எழுத்து. இது இலண்டனில் 1478 முதல் இடப்படுகிறது. தவறு நேர்ந்தால் எந்தச் சோதனையாளர் காலத்தில் நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே இது ஏற்பட்டது. பொற்கொல்லரின் பாதுகாவலர் புனித டன்ஸ்டன். கான்டர்பரியின் பேராயராக இருந்து 988இல் மறைந்த இவர், உலோக வேலையிலும் கைதேர்ந்தவர் எனப் போற்றப்படுகிறார். இவருடைய திருநாளாகிய மே 19ஆம் நாளில்தான் ஆண்டுதோறும் எழுத்து மாற்றப்பட்டது. 1660க்குப் பிறகு அது மே 29 ஆயிற்று.

ஐந்தாவது, மன்னரின் தலை. 1784 டிசம்பர் 1 முதல் வெள்ளிக்கு அவுன்சுக்கு ஆறு பென்சு வரி விதிக்கப்பட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாக இத்தலையைப் பொறித்தனர். 1890இல் இந்த வரி நீக்கப்பட்டது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பெட்டியில் 'எச்.பி.' என்னும் எழுத்துகளும், சிங்கமும், முடி சூடிய சிறுத்தையும், ஆண்டு எழுத்தாகச் சிறிய 'ஐ'யும், மன்னர் தலையும் இருக்கின்றன என்று கொள்வோம். இலண்டனில் 1776இல் 'ஏ' என்று தொடங்கிய வரிசையில் 'ஐ' ஒன்பதாவது. எனவே அது 1784 மே முதல் 1785 மே வரை உள்ள ஆண்டைக் குறிக்கும். மன்னர் தலையோ 1784 டிசம்பரில்தான் வந்தது. ஆகவே அப்பெட்டி 1784 டிசம்பருக்கும் 1785 மே மாதத்துக்கும் இடையே சோதிக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு பொருளின் பிறப்பை ஆறு மாதத்துக்குள் சொல்லிவிடலாம்! இது கணக்குப் பாடத்தைப் போலவே இனிமையானது அல்லவா?

இம்முத்திரைகளைப் போலியாக இடுவது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1773இல் அத்தண்டனை 14 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. நம் நாட்டிலும் பொன் நகைகளுக்குத் தர முத்திரை இடும் திட்டம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021 முதல் அது கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. நம் அன்னையர் கடையில் '916' இருக்கிறதா என்று பார்ப்பது, எட்வர்ட் மன்னர் காலத்திலிருந்து வரும் அதே எண்ணத்தின் தொடர்ச்சியே.

பர்மிங்ஹாம் பெற்ற நங்கூரம்

பர்மிங்ஹாம் நகரில் மேத்யூ போல்டன் என்பவர் 'சோஹோ' என்னும் பெரிய தொழிற்சாலையை நடத்தினார். நீராவிப் பொறிக்குப் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியாகப் பின்னர் விளங்கியவரும் இவரே. ஆனால் அவருடைய ஊரில் வெள்ளியைச் சோதிக்கும் நிலையம் இல்லை. ஒவ்வொரு பொருளையும் ஏறக்குறைய 70 மைல் தொலைவில் உள்ள செஸ்டர் நகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. போய் வரும் வழியில் காலமும் வீணாயிற்று, பொருள்களும் சேதமாயின. தம் ஊருக்கே ஒரு நிலையம் வேண்டும் என்று அவர் பாராளுமன்றத்தில் முறையிட்டார். இலண்டன் பொற்கொல்லர்கள் கடுமையாக எதிர்த்தனர். இறுதியில் 1773இல் பர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் ஒரே சட்டத்தால் நிலையங்கள் கிடைத்தன. பர்மிங்ஹாமுக்கு நங்கூரமும், ஷெஃபீல்டுக்கு அரசமுடியும் சின்னங்கள் ஆயின. கடல் இல்லாத ஊருக்கு நங்கூரம் ஏன்? இரு ஊர்ப் பிரதிநிதிகளும் இலண்டனில் 'முடியும் நங்கூரமும்' என்ற விடுதியில் கூடிப் பேசியதால் அப்பெயரையே பங்கிட்டுக்கொண்டனர் என்று வழிவழியாகக் கூறுவர். 1773 ஆகஸ்டு 31இல் பர்மிங்ஹாம் நிலையம் ஒரு விடுதியின் அறைகளில் திறக்கப்பட்டது. அதன்பின் சாமுவேல் பெம்பர்ட்டன், ஜோசப் டெய்லர், மேத்யூ லின்வுட் முதலியோர் பட்டறைகளிலிருந்து சிறு சிமிழ்கள் ஏராளமாக வெளிவந்தன. அச்சில் அழுத்திச் செய்ததால் விலை குறைந்தது. சிமிழ் செல்வர் கையிலிருந்து கடைக்காரர் கைக்கும் வந்தது.

ஒரு கைம்பெண்ணின் முத்திரை

மேலே உதாரணத்தில் கண்ட 'எச்.பி.' யார்? அவர் ஹெஸ்டர் பேட்மன் என்னும் பெண்மணி. 1708இல் பிறந்த இவர் இலண்டனில் எளிய குடும்பத்தைச் சேர்ந்தவர். முறையான கல்வி பெற்றவர் அல்லர். கணவர் ஜான் பேட்மன் சங்கிலி செய்யும் தொழிலாளி. அவர் 1760இல் காசநோயால் இறந்தார். ஹெஸ்டர் மூலையில் முடங்கவில்லை. அடுத்த ஆண்டே, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், பொற்கொல்லர் மன்றத்துக்குச் சென்று தம் சொந்த முத்திரையைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் மற்றப் பட்டறைகளுக்காகவே பெரும்பாலும் வேலை செய்தார். 1770களின் நடுவிலிருந்து அவர் முத்திரை தாங்கிய கரண்டிகளும், தேநீர்க் குடங்களும், தேயிலைப் பெட்டிகளும் மிகுதியாக வெளிவந்தன.

மெல்லிய தகடு, முத்து விளிம்பு, ஒளிவீசும் செதுக்கு வேலை ஆகிய மூன்றுமே அவர் பட்டறையின் சிறப்பு. புதிய உருளைத் தகட்டை அஞ்சாமல் ஏற்று, நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய விலையில் நேர்த்தியான பொருளைக் கொடுத்தார். 1790இல் அவர் ஓய்வு பெற்றார். 1794இல் மறைந்தார். மகன்கள் பீட்டர், ஜொனதன், மருமகள் ஆன், பேரன் வில்லியம் ஆகியோர் தொழிலைத் தொடர்ந்தனர். 1791இல் ஜொனதனும் இறந்தபோது, மருமகள் ஆனும் மாமியாரைப் போலவே தம் பெயரில் முத்திரை பதிவு செய்து, மைத்துனர் பீட்டருடன் பட்டறையை நடத்தினார்.

'எச்.பி.' என்று பொறித்த ஒவ்வொரு பெட்டியையும் ஹெஸ்டரே தம் கையால் செய்தார் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. முத்திரை என்பது பொறுப்பு ஏற்பவரின் அடையாளம். தகடு வளைத்தவர், செதுக்கியவர், மெருகிட்டவர் எனப் பலர் அப்பட்டறையில் உழைத்திருப்பர். அவர்கள் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. ஆயினும், "இதில் குறை இருந்தால் நான் பொறுப்பு" என்று பெயர் கொடுத்து நிற்க, அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தகைய துணிவு வேண்டும்! இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ள பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் அவர் பட்டறை வெள்ளிப் பொருள்கள் காட்சிக்குரிய செல்வமாகப் போற்றப்படுகின்றன.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

வெளியே சிங்க முத்திரை வெள்ளியின் தூய்மைக்குச் சான்று கூறியது. உள்ளே இருந்த பொருளின் தூய்மைக்கு யார் சான்று கூறுவது? சர்க்கரைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அச்சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு, கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்புத் தோட்டங்களில் சவுக்கடி பட்டு உழைத்தனர். அவர்களின் கண்ணீரில் விளைந்த சர்க்கரைதான் மலர்மாலை செதுக்கிய வெள்ளிப் பெட்டிகளில் நிறைந்தது.

1787இல் புகழ்பெற்ற பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட், விலங்கிடப்பட்ட கைகளுடன் முழந்தாளிட்டிருக்கும் ஓர் ஆப்பிரிக்கரின் உருவத்தைச் சிறு பதக்கமாகச் செய்து வழங்கினார். தானும் மனிதனும் சகோதரனும் அல்லவா என்று அவர் கேட்பதாக அதில் வாசகம் இருந்தது. பழைய ரோமானியப் பதக்கத்தைப் போன்ற அதே புதுச்செவ்வியல் வேலைப்பாடு! ஆனால் இம்முறை அது ஓர் அறத்திற்குப் பயன்பட்டது. சிலர் அதைப் பொன்னில் பதித்துத் தங்கள் மூக்குப்பொடிச் சிமிழின் மூடியில் வைத்துக்கொண்டனர். பெண்கள் வளையலிலும் கூந்தல் ஊசியிலும் அணிந்தனர். அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய தாமஸ் கிளார்க்சன் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். சிமிழைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உருவம் பேசிற்று.

1791இல் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் மசோதாவைப் பாராளுமன்றம் தோற்கடித்தது. வாக்குரிமை இல்லாத பெண்கள் என்ன செய்ய முடியும்? சர்க்கரைப் பெட்டியின் சாவி அவர்களிடம் இருந்ததே! அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்குவதில்லை என்று வீடு வீடாக உறுதி பூண்டனர். சுமார் மூன்று இலட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டனர் என்று கிளார்க்சன் மதிப்பிட்டார். பின்னர் 1820களில், அடிமைகள் செய்யாத இந்தியச் சர்க்கரை இது என்று எழுதிய கிண்ணங்களும் இங்கிலாந்தில் விற்றன. 1807இல் அடிமை வாணிகமும், 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டிஷ் ஆட்சியின் பெரும்பகுதியில் அடிமைத்தனமும் ஒழிக்கப்பட்டன. இதற்குப் பலரும் உழைத்தனர். அடிமைகளே கிளர்ந்தெழுந்து போராடினர். அப்போராட்டத்தில் சாப்பாட்டு மேசையில் காலியாக இருந்த ஒரு சர்க்கரைப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

மின்னுவதெல்லாம் வெள்ளியல்ல

1740களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த தாமஸ் போல்சோவர், செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று கண்டார். அதைத் தகடாக உருட்டி மலிவான பெட்டிகள் செய்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல வெள்ளி தேய்ந்து விளிம்புகளில் செம்பு தெரியும். வேறு சிலர் வேண்டுமென்றே ஏமாற்றுவர். பழைய சிறு பொருளிலிருந்து முத்திரையை வெட்டி எடுத்துப் புதிய பெட்டியில் பற்றவைப்பர். அதைக் கண்டுபிடிக்க வல்லுநர் ஓர் எளிய வழி சொல்வர். முத்திரையின் மேல் வாயால் ஊதினால், ஆவி படியும்போது பற்றவைத்த கோடு தெரிந்துவிடும்!

வெள்ளி கறுப்பது துரு அன்று. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு உண்டாகும் வெள்ளி சல்ஃபைடு அது. அதனைப் போக்க அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் கறுப்போடு சிறிது வெள்ளியும் போய்விடும். செதுக்கு வேலை மழுங்கும், முத்திரை அழியும். மென்மையான சோப்பு நீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றுவதே நன்று.

முடிவுரை

இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வெள்ளிக் கூடங்களில் இக்காலத்துப் பொருள்கள் பல இன்றும் ஒளிவீசுகின்றன. அவற்றுள் மண்ணுக்கடியில் கிடந்த ஒரு நகரத்தின் கலை இருக்கிறது. பெயர் தெரியாத தொழிலாளிகளின் வியர்வை இருக்கிறது. கல்வி வாய்ப்பு இல்லாத போதும் தன் பெயரை நிலைநாட்டிய ஒரு கைம்பெண்ணின் உறுதி இருக்கிறது. பூட்டிய பெட்டியின் சாவியைக் கொண்டே அநீதியை எதிர்த்த பெண்களின் மனச்சாட்சி இருக்கிறது.

வெள்ளிக்குச் சோதனை ஒருமுறைதான். நமக்கோ தேர்வுக் கூடத்திலும், கடைத்தெருவிலும், வீட்டிலும் அன்றாடம் சோதனை. அன்புத் தோழியரே, நாம் வாங்கும் பொருள் யாருடைய உழைப்பில் விளைந்தது என்று கேட்கப் பழகுவோம். நாம் செய்யும் வேலை சிறியதாயினும், "இதற்கு நான் பொறுப்பு" என்று பெயர் கொடுத்துச் சொல்லும் அளவுக்குத் திருத்தமாகச் செய்வோம். அவ்வாறு வாழ இறைவன் நமக்கு அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி